அயர்லாந்து ரெயிலுக்குப் பென்சன் கொடுத்தவர்

தான் செய்த முதலாவது மாதிரி ரெயில் பாதையைப் பார்க்க வரச்சொல்லி அவர் எங்களுக்குக் கொடுத்த நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. நான் றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நிலத்துக்குக் கீழே இருந்த கெல்லருக்கு இறங்கினால், அங்கே வெறும் பலகைதான் கிடக்கிறது. தண்டவாளங்களைக் கழற்றிக் கட்டுக் கட்டாக நூலால் கட்டி வைத்துவிட்டு, மனுசன் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணை, ரெயில் எங்கை?"

"இளைப்பாறிட்டுது தங்கச்சி."

"எப்ப?"

"காலமை ஒன்பதரைக்கு. ஒரு பிழையும் இல்லாமல் ஒருக்கா முழுக்க ஓடினது. அதுக்குப் பிறகு அதுக்கு என்ன வேலை இருக்கு?"

எங்கள் ஊரில் ஐம்பத்தைந்து வயது வரை வேலை செய்துதான் ஆட்கள் இளைப்பாறுவார்கள். இவருடைய ரெயிலுக்கு அரை மணித்தியாலச் சேவையிலேயே பென்சன். அந்த ரை கூட அதற்காகத்தான் கட்டியிருந்தார். கந்தோரில் இளைப்பாறும் பெரியவர்களுக்குப் பிரியாவிடை வைப்பதுபோல, கழற்றுவதற்கு முன் அந்தப் பலகையின் முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். தனியாக நின்று பேசினாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் றோல்ஸ் ஒன்றுகூட அவருக்குக் கொடுக்காமல் மேலே கொண்டுபோய்விட்டேன்.

அவருடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எங்கேயாவது உயிரோடு இருந்து இதை வாசித்தாரென்றால், முதல் பக்கத்திலேயே இரண்டு பிழை கண்டுபிடித்து, கடைசிப் பக்கத்துக்கு வராமலே மூடி வைத்துவிடுவார். அப்படியான ஆள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிஸில், பாடன் என்ற ஊரில், சூரிச் ரெயில் பாதையை ஒட்டிய ஒரு நாலு மாடி வீட்டில் நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்தோம். அவர் கூரைக்கடியில் ஒற்றை அறையில். என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே ரெஸ்ரோறண்டில் வேலை. இவர் மரக்கறி வெட்டுவார், அவர் கோப்பை கழுவுவார். நான் பின்னேரங்களில் கந்தோர்கள் துப்புரவாக்கப் போவேன். அந்த வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலத்துக்குக் கீழே பலகை அடித்த ஒரு சின்ன அறை உண்டு, அதுதான் கெல்லர். சுவிஸ்காரர் அதில் உருளைக்கிழங்கும் வைனும் வைப்பார்கள். எங்களிடம் வைக்க ஒன்றும் இல்லாததால் என்னுடையதை அவருக்கு விட்டேன். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு மட்டும் என்னிடம்; வேலை செய்யப் போகும்போது வாங்கிக்கொண்டு போய், முடியத் திருப்பித் தருவார். பக்கத்து அறைதான் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை.

அவருடைய குணத்தை ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் பார்த்துவிடலாம். எவ்வளவு தாகத்தோடு வந்து குந்தினாலும் கடைசி வாய் கோப்பையில் மிச்சம் இருக்கும். புட்டு அவித்துக் கொடுத்தால் கடைசிப் பிடி தட்டில் கிடக்கும். "ஏன் அண்ணை, உப்புக் கூடிப்போச்சோ?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். "இல்லைத் தங்கச்சி, நல்லாயிருக்கு" என்பார். நல்லாயிருந்தால் தின்று முடிக்க வேண்டியதுதானே? ஜேர்மன் வகுப்புக்கு எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் போனார். சோதனைக்கு ஒரு கிழமை இருக்க நின்றுவிட்டார். ஊரில் அவருக்குக் கலியாணம் பேசி, நாள் வைத்து, தாலிக்கான பொன்னுருக்குக்கு முதல்நாள் தானே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவராம். பொன் உருக்கிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது என்பது தெரிந்துதான் முதல்நாள் போயிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் என்ன குறை என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "ஒரு குறையும் இல்லை, அதுதான்" என்றாராம்.

அயர்லாந்துக் கதையும் இதே கதைதான். தகப்பன் அரும்பாடுபட்டு டப்ளினுக்கு அனுப்பிப் பொறியியல் படிக்க வைத்த பிள்ளை. நாலு வருடம் நன்றாகப் படித்தவர். கடைசிச் சோதனை நடந்த கிழமை மண்டபத்துக்குப் போகாமல், மேற்குக் கரைக்குப் போகும் ஒரு சின்ன ரெயிலில் ஏறி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் வந்துகொண்டிருந்தாராம். மூன்றடி அகலத் தண்டவாளம், இரண்டு பக்கமும் கல்லு மதிலும் சதுப்பும், ஒரு நாளும் நேரத்துக்குப் போகாத ரெயில். பட்டம் இல்லாமல் ஊருக்குத் திரும்பி இருபது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்தார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களைப்போல இங்கே வந்து சேர்ந்தார். கெல்லரில் அவர் செய்தது அந்தச் சின்ன ரெயிலைத்தான்.

ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். "யாழ்ப்பாண லைனைச் செய்தாலும் எங்கடை சனம் வந்து பார்க்கும். இது ஆருக்கு விளங்கும் அண்ணை?"

"அதுதான் தங்கச்சி. யாழ்ப்பாணத்தைச் செய்தால் கொடிகாமம் ஸ்ரேசனிலை அந்த மரம் அதிலை நிக்கேல்லை, இதிலை நிண்டது எண்டு பிழை பிடிக்க ஊரே வரும். அயர்லாந்திலை பிழை பிடிக்க இஞ்சை நான் ஒருத்தன்தான் இருக்கிறன்."

அந்த ஒருத்தன் போதாதா? ஊரே வந்திருந்தால்கூட இவ்வளவு பிழை பிடித்திராது.

ஆனால் கை வேலை என்றால் வேலைதான், அதை மறுத்தால் எனக்கு நாக்கு அழுகும். மூன்றடியை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் பன்னிரண்டு மில்லிமீற்றர் வரும். சுவிஸ் மலை ரெயில்களின் மாதிரிகளுக்குக் கடைகளில் விற்கும் தண்டவாளமும் அதே பன்னிரண்டுதான். இதைக் கண்டுபிடித்த அன்று, சூரிச் கடையிலிருந்து ஒரு கட்டுத் தண்டவாளத்தோடு ஓடி வந்து, குழந்தைப்பிள்ளையைக் காட்டுவதுபோல என் குசினி மேசையில் வைத்துக் காட்டினார். எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் கீழ்ச்சட்டம் சுவிஸ், மேலே உடம்பு மட்டும் மெல்லிய மட்டையில் வெட்டி ஒட்டியது. சதுப்பு நிலத்துக்கு, ரெஸ்ரோறண்டில் வீசும் கோப்பி மண்டியைப் பையில் கொண்டுவந்து, அடுப்பில் உலர்த்தி, பசை பூசித் தூவுவார். கறுத்து, கட்டிபட்டு, அசல் சதுப்பு. என் கெல்லர் முழுக்கக் கோப்பி மணத்தது. மூன்றாம் மாடி அம்மா தன்னுடைய வெள்ளைத் துணிகளெல்லாம் கோப்பிக்கடை மாதிரி மணக்கிறதென்று என்னிடம்தான் வந்து முறையிட்டார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது பாதையைப் பார்க்க ஒரு சுவிஸ்காரர் வந்தார். இளைப்பாறிய ஆசிரியர், பாடன் மாதிரி ரெயில் கழகத்தின் தலைவர். ரெஸ்ரோறண்டுக்குச் சாப்பிட வந்த இடத்தில் பழக்கம். அவர் வருகிற நாளுக்கு முதல்நாள் அண்ணை என்னிடம் வந்து, "ஒரு சின்னப் பிழை பார்க்கோணும், பலகையை மேலை கொண்டு போகோணும், திறப்பைத் தாங்கோ" என்றார். கொடுத்தேன். மேலே கொண்டுபோன பலகை திரும்பிக் கீழே வரவில்லை. ஆசிரியர் வந்தபோது ரை கட்டிய மனுசனும் பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு எஞ்சினும்தான் இருந்தார்கள். ஆனாலும் மிச்சம் கிடந்த கல்லு மதில் துண்டு ஒன்றை அந்த ஆசிரியர் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கழகத்தில் சேரச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் தலைநகர் பேர்ணிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அகதி மனு நிராகரிப்பு. சொன்ன காரணங்கள் போதாது என்றிருந்தது. எப்படிப் போதும்? விசாரணையில், ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது வரை சொல்லியிருக்கிறார். முகாமுக்குள் நடந்ததைச் சொல்லவில்லை. முதுகில் தழும்போடு இருக்கிற மனுசன்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"மொழிபெயர்க்க வந்த பொடியன் களைச்சுப் போனான் தங்கச்சி. மிச்சத்தை விடுவம் எண்டு விட்டிட்டன்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறோம். இவர் தாழியைத் தானே தூக்கி நிலத்தில் போடுகிற ஆள்.

மேல்முறையீடு போட்டார்கள். போட்டது அந்த ஆசிரியர். அவரே ஒரு வழியும் சொன்னார். வசந்தத்தில் கழகத்தின் கண்காட்சி வருகிறது. ஊர் முழுக்க வரும், பத்திரிகைக்காரர் வருவார். அண்ணையின் அயர்லாந்துப் பாதை அங்கே இரண்டு நாள் ஓட வேண்டும். பக்கத்தில் ஒரு மேசையில் கையெழுத்துத் தாள். பத்திரிகையில் வருகிற செய்தியையும் கையெழுத்துகளையும் சேர்த்துத் திங்கட்கிழமை பேர்ணுக்கு அனுப்பலாம். "இந்த ஊரில் இவரை நாலு பேருக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும்" என்று எனக்கு விளங்குகிற மாதிரி மெல்ல மெல்ல ஜேர்மனில் சொன்னார். உறுதியில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை என்றார்.

"அண்ணை, இந்த முறை மட்டும் கழட்டாதேங்கோ" என்று நான் கெஞ்சினேன்.

"ஓம் தங்கச்சி. இந்த முறை கை வைக்கமாட்டன்."

மூன்றாவது பாதை இரண்டு பலகைகளில், நடுவில் ஒரு மூட்டோடு, கெல்லர் கதவால் வெளியே எடுக்கக்கூடிய அளவில் உருவானது. கண்காட்சிக்கு முந்திய புதன்கிழமை பின்னேரம் ஆசிரியரும் நாங்களும் பார்க்க முதன்முதலாக ஓடியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுசனின் ரெயில் ஓடுவதைப் பார்க்கிறேன். கல்லு மதில்களுக்கு நடுவால் அசைந்து அசைந்து போய், நடுச் சதுப்பில் ஒரு கழுதைக்குப் பக்கத்தில் நின்றது. நின்றதுதான், அசையவில்லை. ஆசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு நிமிடம் போனது. திரும்பவும் பார்த்தார்.

"பழுதா?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணை அவருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். அந்த லைனில் ரெயில் ஏழு நிமிடமாவது பிந்தாமல் வந்ததில்லை. அதனால் இதுவும் ஏழு நிமிடம் பிந்தித்தான் போகும். சுவிஸ்காரனை ரெயிலுக்கு ஏழு நிமிடம் காக்க வைப்பதும் மேலில் சுடுதண்ணி ஊற்றுவதும் ஒன்று. வருகிறவர்கள் பழுதென்று நினைப்பார்கள், ஒரு நிமிடமாகக் குறைக்க முடியாதா என்று ஆசிரியர் மன்றாடினார்.

"முடியாது. பிந்தாட்டில் அது அயர்லாந்து இல்லை" என்றார் அண்ணை. அதை எனக்குத் தமிழிலும் சொன்னார். ஏழு நிமிடம் முடிய ரெயில் வெளிக்கிட்டு, ஒரு பிசகும் இல்லாமல் கடற்கரை ஸ்ரேசனுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கை தட்டினேன். தட்டும்போதே எனக்கு முதலாவது ரெயிலின் ஞாபகம் வந்தது. ஒரு பிழையும் இல்லாமல் ஒருக்கா முழுக்க ஓடிவிட்டதே!

வியாழக்கிழமை காலை கதவைத் தட்டுகிறார். திறந்தால், ரை கட்டியிருக்கிறார். கையில் திருகாணி கழற்றும் திருப்புளி.

"தங்கச்சி, திறப்பை ஒருக்காத் தாங்கோ. பலகையை மேலை கொண்டு போகோணும்."

"ஏனாம்?"

"ஒரு சின்ன விசயம்... மூட்டுக்குள்ளை..."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைச் சொல்லவில்லை. இதே கதையைப் போன முறையும் கேட்டவள் நான். "சனிக்கிழமை காலமை கண்காட்சிக்கு ஏத்த வான் வரேக்கை தாறன்" என்று கதவைச் சாத்தினேன். அன்று மூன்றாம் மாடி அம்மாவின் உடுப்புத் தோய்க்கும் நாள். கீழிருந்து நீராவி படிக்கட்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அது எனக்குக் கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் வந்தார். இந்த முறை ரை இல்லை. நான் பச்சைப் பொய் சொன்னேன். "திறப்பை இவர் வேலைக்குக் கொண்டு போட்டார் அண்ணை." திறப்பு அப்போது என் அரிசி வாளிக்குள் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரி தங்கச்சி" என்று விட்டுப் போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்து அன்று முழுக்கச் சந்தோசமாகக் கண்காட்சிச் சனத்துக்குப் பற்றிஸ் பொரித்தேன்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம். ஒரு பக்கம் பெரிய மலைகள், சுரங்கங்கள், செக்கன் பிசகாமல் ஓடும் சிவப்பு ரெயில்கள். ஒரு மூலையில் எங்கள் கோப்பி மண்டிச் சதுப்பு. பக்கத்து மேசையில் பற்றிசும் பேனையும் கையெழுத்துத் தாளும் வைத்துக்கொண்டு நான், இருந்ததில் நல்ல சேலை உடுத்திக்கொண்டு. ரெயில் வெளிக்கிட்டது. மூட்டில் ஏறியது, சரிந்து விழுந்தது. தூக்கி வைத்தார். திரும்பவும் விழுந்தது. பலகை ஈரத்தில் ஊதி, ஒரு பக்கத் தண்டவாளம் மற்றதைவிட ஒரு நகக்கன அளவு உயர்ந்து நின்றது. அவர் முழங்காலில் இருந்து அரத்தால் ராவினார், கீழே மட்டை வைத்தார், திருகினார். சனம் கூடி நின்று பார்த்தது. விழுவதும் அயர்லாந்து வழக்கமா என்று ஒரு அம்மா உண்மையாகவே கேட்டார். பற்றிஸ் நல்ல ருசி என்று எல்லோரும் சொன்னார்கள். பத்திரிகைக்காரர் வந்து, படப்பெட்டியைக் கையில் வைத்தபடி நாலைந்து நிமிடம் நின்றுவிட்டு, பெரிய மலைப் பக்கம் போய்விட்டார். தாளில் கழகத்துக்காரர்களின் கையெழுத்துக்குக் கீழே அதிகம் சேரவில்லை. விழுந்து கிடக்கிற ரெயிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவரிடம் பேனையை நீட்டுவது எவ்வளவு கூச்சம் என்று நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆசிரியர் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார். "புதன்கிழமை ஓடி முடிந்த பிறகு மூட்டில் ஈரம் ஏறுவதைக் கண்டிருக்கிறார். தன் அறையில் வைத்து உலர்த்தி, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்கிறேன் என்று வியாழக்கிழமை எனக்குச் சொன்னார். மனுவுக்கு அவருடைய படம் வேண்டுமென்று நான் கேட்டிருந்தேன். அன்று காலையிலேயே ரை கட்டி, ரெயில் ஸ்ரேசன் படக்கூண்டில் படம் எடுத்துக் கொண்டுவந்து தந்தார். ஏன் சரிசெய்யவில்லை என்று இப்போது கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்கிறார்."

நான் பற்றிஸ் தட்டை ஒருக்கா நேராக்கி வைத்தேன். அண்ணை அங்கே முழங்காலில் இருந்து ராவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மண்டபத்தில் கதிரைகள் அடுக்கத் தொடங்கிய பிறகு, ரெயில் மூட்டைத் தாண்டி ஓடியது. கழுதைக்குப் பக்கத்தில் ஏழு நிமிடம் நின்றது. அந்த ஏழு நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது அண்ணையும் நானும்தான்.

ஆசிரியர் கிடைத்த கையெழுத்துகளை மட்டும் பேர்ணுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் பனி கரைகிற காலத்தில் பதில் வந்தது. இந்தத் தேதிக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது. தேதிக்கு முன்பே அவர் போனார். ஜேர்மனி என்றார்கள், பிறகு கனடா என்றார்கள். எனக்குத் தெரியாது.

அவர் போகிற அன்று என்னுடைய உடுப்புத் தோய்க்கும் நாள். நான் நின்ற தோய்க்கும் அறைக்கு இறங்கி வந்து, வாசலில் நின்று, "போட்டு வாறன் தங்கச்சி" என்றார். ஒரு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அண்ணை, அண்டைக்குத் திறப்பு என்னட்டைதான் இருந்தது."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"வேலையிலை உங்கடை மனுசனைக் கேட்டனான். வீட்டிலைதான் கிடக்கு எண்டவர். நான் கேட்டதை உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்."

"பிறகேன் வந்து கேக்கேல்லை? பலகை ஊதுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் தந்திருப்பனே!"

"சொல்லுவம் எண்டுதான் படியிறங்கினனான். அரைவாசியிலை நிண்டு யோசிச்சன். நானெண்டாலும் எனக்குத் திறப்புத் தந்திருக்கமாட்டன் தங்கச்சி."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஈர உடுப்போடு அங்கேயே நின்றேன். ஒரு ஏச்சாவது ஏசியிருக்கலாம். "என்ரை வாழ்க்கையைக் கெடுத்தாய்" என்று கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். "சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது ஆர்?" என்று கேட்டிருப்பேன். இரண்டு பேரும் அழுது, அன்றோடு அந்தக் கணக்கு முடிந்திருக்கும். அந்தச் சண்டையையும் அவர் முடிக்காமல் போனார். இத்தனை வருடமாக நான் ஒருத்தியாக இரண்டு பக்கத்துக்கும் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் தோற்கிறேன்.